வந்திருக்கேன் டீச்சர்

வெலிமடைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வாசிப்பு வாரத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். பிள்ளைகள் என்றால் முயலும் நரியும் கேட்கிற வயது இல்லை, பன்னிரண்டு பதின்மூன்றிலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்கள் வரை. என் நாவல்களில் யாராவது ஒருவர் செத்துப்போயிருப்பார். மிச்சமிருக்கும் பிள்ளை அவரை நினைத்துக்கொண்டே இருநூறு பக்கம் நடக்கும். "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சாவு எதற்கு?" என்று கேட்ட பெரியவர்கள் பலரோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாவை நானா போய் அறிமுகப்படுத்த வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் ஒப்பாரி கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் செய்த பிள்ளைகள் அவர்கள்.

பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். வழக்கமான கேள்விகள்தான். எப்போது எழுதத் தொடங்கினீர்கள், எந்தப் பேனா, யார் உற்சாகம் கொடுத்தார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை, கையில் என் முதல் நாவல், அட்டை கிழிந்த பிரதி.

"மிஸ், இந்தக் கதையில செத்துப்போன அக்காவுக்கு மட்டும் ஏன் பேரே இல்ல? நாய்க்குக்கூட பேரு வச்சிருக்கீங்க."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பதிலை எடுத்துவிட்டேன். "படிக்கிற ஒவ்வொருத்தரும் தங்களுக்கு வேண்டியவங்க பேரை அந்த இடத்துல வச்சுக்கட்டும்னுதான் விட்டுட்டேன்" என்றேன். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அதிபர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அந்தப் பிள்ளை மட்டும் கை தட்டவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பச்சைப் பொய். அதுவும் ஒரு பிள்ளையிடம். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் மணியடித்துப் பாடசாலை விட்டுவிடும் என்பது ஒரு சாக்கு. சொல்ல வராது என்பதுதான் காரணம். பேச வராததை எழுதிப் பார்க்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மடுல்சீமைக்கு மேலே, பஸ் வராத ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தாள். எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தபோது, நான் ஒரு வயதுக் குழந்தையாய் இருந்தபோது, வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் விழுந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் பார்த்தார்கள். மறுநாள் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அப்பா றோட்டில் காத்திருந்தார். லொறி முதலில் நிறுவை முடித்து, இரண்டு மலையில் கொழுந்து ஏற்றி, பெக்டரியில் இறக்கிவிட்டுத்தான் பெரிய றோட்டுக்குப் போகும். பெக்டரியில் சாக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா அப்பாவின் மடியில் அடங்கிவிட்டாள். அப்பா லொறியிலிருந்து இறங்கி, குறுக்குப் பாதையில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தே லயத்துக்கு வந்தார். அன்று சாயங்காலமே ஆற்றோரத்து மலைக்குக் கீழே புதைத்துவிட்டார்கள்.

அந்தச் சாவை யாரும் எங்கேயும் எழுதவில்லை. "யாருகிட்ட போயி என்னான்னு எழுதுறது?" என்று அப்பா பிற்காலத்தில் ஒருதடவை என்னிடம் சொன்னார். பிறந்ததை எழுதியிருந்தார்கள். மூத்த பிள்ளை என்ற சந்தோஷத்தில் அப்பாவே தோட்டத்து ஒபிசுக்கு மூன்று தடவை நடந்து, கிளாக்கர் ஐயாவைப் பிடித்து, பதிவுக்காரர் வரைக்கும் போய், பிறப்புச் சான்றிதழ் எடுத்து, மடித்து, பொலித்தீன் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். நான் பிறந்தபோது அந்தச் சந்தோஷம் வடிந்திருக்க வேண்டும். பார்ப்போம், அடுத்த கிழமை போவோம் என்று தள்ளிப்போட்டார். பிறகு அக்கா செத்தாள். அதற்குப் பிறகு எந்த ஒபிசுக்கும் போகிற மனம் அவருக்கு இல்லை.

ஆகவே எனக்குப் பெயரும் வைக்கவில்லை. வீட்டில் 'சின்னவ'. லயத்துக்கே நான் சின்னவள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை ஆண்டு ஒன்றில் சேர்க்கப் போனார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று அதிபர் ஒரே பிடியாய் நின்றார். எனக்கு எடுக்க வேண்டுமென்றால் காலம் கடந்த பதிவு, சத்தியக் கடதாசி, பதுளைக் கச்சேரி அலுவலகம் என்று இழுத்துக்கொண்டே போகும் வேலை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும். அப்பா வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தார்.

இதை நான் ஏதோ அதிசயம்போலச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்றிரண்டு பேர் எப்போதும் இருந்தார்கள். செத்த அண்ணனின் பத்திரத்தில் தம்பி, செத்த அக்காவின் பத்திரத்தில் தங்கச்சி. மேல் லயத்தில் ஒரு பையன் பெண்பிள்ளைப் பத்திரத்தில் சேர்ந்து, ஐந்தாம் ஆண்டு வரைக்கும் யாருக்கும் தெரியாமல் ஓடியது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பத்திரம் சும்மாதானே கிடக்கிறது, பிள்ளைக்கு ஆகட்டுமே என்பதுதான் கணக்கு.

சேர்க்கப் போன அன்று காலையில் மலைப்பாதையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாறு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அழகான பெயர், வாயில் நன்றாகத்தான் உருண்டது.

"ஸ்கூல்ல இந்தப் பேரக் கூப்புட்டா நீதான். தெரியுதா?"

"ம்."

"வீட்டுல மட்டும் இதச் சொல்லக்கூடாது. அம்மா அழுவும்."

ஏன் அழும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து வயதில் ஒரு முழுப்பெயர் கிடைத்த குஷி எனக்கு. பத்திரப்படி அன்றைக்கு எனக்கு ஏழு வயது. இன்றுவரைக்கும் நான் இரண்டு வயது கூடியவள்தான். வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக இருந்ததால் "பாட்டி" என்று கேலி செய்தார்கள்.

எங்கள் டீச்சர் கண்டிப்பானவர். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும், கையைக் கட்ட வேண்டும், "வந்திருக்கேன் டீச்சர்" என்று கடைசி வரிசை வாங்குக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். முனகினால் மறுபடியும் எழுப்புவார். மற்றப் பிள்ளைகள் பயந்து பயந்து சொன்னார்கள். எனக்கு அந்தக் கணத்துக்காகவே பாடசாலை போகப் பிடித்தது. ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள், அது நான், நான் வந்திருக்கிறேன். நாள் முழுக்க அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு முந்திய நாள் சாயங்காலம் நடந்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் கன்னி கும்பிடுகிற வழக்கம் உண்டு. வயதுக்கு வராமல் செத்துப்போன பெண்பிள்ளை இருக்கிற வீட்டில், வருடத்தில் ஒரு நாள் அவளுக்குப் புதுச்சட்டை எடுத்து, சொளகில் வைத்து, வளையல், ரிப்பன், பொட்டு, அவள் ஆசைப்பட்டுத் தின்ற பண்டம் எல்லாம் பரப்பி, விளக்கேற்றி, வாசலைப் பார்த்து அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். பெற்றவள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது வீட்டில் வேறு யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. பிள்ளை வந்து எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. சட்டை ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்றுப் பெரிதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் அவளும் வளர்ந்திருப்பாள்.

முந்தைய வருடங்களில் நான் தூங்கிப்போயிருப்பேன், அல்லது பக்கத்துக் காம்பராவில் விளையாடப் போயிருப்பேன். அந்த வருடம் வீட்டில் இருந்தேன். மழை. அப்பா மூலையில் குந்தியிருந்தார். அம்மா குளித்து, ஈரத்தலையோடு, சொளகுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூப்போட்ட சட்டை, இரண்டு டொபி, கொஞ்சம் பொரி, ஒரு பணியாரம். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தத் தீபாவளிக்கு எடுத்தது வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைத் துணி.

அம்மா வாசலைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

அம்மாவின் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் கூப்பிடுவது மாதிரி இல்லை. அப்படிக் குழைந்து, நயந்து, கெஞ்சி அவள் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் எழுந்துவிட்டேன். இரண்டு அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, காம்பரா முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்திருக்கேன்" என்றேன்.

அம்மா திரும்பினாள். விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தாலும் அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு கணம்தான். கண் விரிந்து, வாய் திறந்து, அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு முன்போ பின்போ யாருடைய முகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நின்றுகொண்டிருப்பது யார் என்று தெரிந்தது. அந்த முகம் அப்படியே அவிந்துபோயிற்று.

அப்பா பாய்ந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "சொன்னேன்ல, சொன்னேன்ல வாயத் தொறக்காதன்னு!" என்று கத்தினார். நான் அழுதேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. மற்ற இரண்டு தடவையும் கூப்பிடவுமில்லை. சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள், பணியாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பணியாரத்தைத் தின்றேன் என்பது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கன்னிக்குச் சட்டை வைப்பது நிற்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுவிட்டது. அம்மா சொளகுக்கு முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயரை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். கூப்பிட்டால் தவறான ஆள் வந்து நிற்கும். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் அக்காவுக்கு எப்படித் தெரியும், அவள் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்றெல்லாம் நான் யோசித்து யோசித்து இருந்திருக்கிறேன். கூடவே இன்னொன்றும் யோசித்தேன். இது கொஞ்சம் கேவலமானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த முகத்தை எனக்காக ஒரு தடவை அம்மா காட்டினால் போதும் என்று நினைத்தேன். அதற்காக நான் நன்றாகப் படித்தேன். புலமைப்பரிசில் பாஸாகிச் சொல்லப் போனபோது, "நல்லது சின்னவளே" என்று சொல்லிவிட்டு அம்மா விறகு பிளக்கப் போனாள்.

பதுளையில் ஒரு பெரிய பாடசாலையில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படித்தேன். ஒருநாள், ஒன்பதாம் ஆண்டாக இருக்க வேண்டும், எங்கள் தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். மேசையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு சோடிக் காலுறையும்.

"உம்மட அம்மா வந்தவ" என்றார். "கேற்றில ஆரைப் பாக்க வேணுமெண்டு கேட்டிருக்கினம். மகளை எண்டிருக்கிறா. பேரென்ன எண்டா வாயே திறக்கேல்லையாம். ஒரு மணித்தியாலம் நிண்டுபோட்டு இதைக் குடுத்திட்டுப் போயிட்டா. பெத்த பிள்ளையின்ர பேர் தெரியாமலும் ஒரு தாய் இருப்பாவோ?"

டீச்சர் நல்லவர், ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான், "அம்மாவுக்குக் காது கேக்காது டீச்சர்" என்றேன். அந்த வயதிலேயே பொய் சரளமாக வந்திருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து, மலையிலிருந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி, வாசல்வரைக்கும் வந்து, நாலெழுத்துப் பெயரைச் சொல்லாமல் திரும்பிப்போயிருக்கிறாள். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். ரொட்டியை விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். காலுறையை மட்டும் வைத்துக்கொண்டேன், என்னுடையது கிழிந்திருந்தது.

நான் உயர்தரம் படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் சாவை ஒழுங்காகப் பதிந்தோம். பதிவுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்தான், அக்காவின் பெயரில். பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சம்பளம் வந்ததும் பசறைக்குப் போகிற றோட்டோரம் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்து அம்மாவை அழைத்து வந்தேன். அவள் வரும்போது தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே பதினெட்டோ இருபதோ சட்டைகள், ஒன்றைவிட ஒன்று பெரிதாக. கடைசியாக வாங்கியது ஒரு பாவாடை தாவணி.

அந்த வீட்டில்தான் முதல் நாவலை எழுதினேன். ஒரு தோட்டத்துப் பிள்ளை, அவளுடைய செத்துப்போன அக்கா, அக்கா நினைவாக வீட்டில் ஒன்றுமே இல்லாததால் தங்கச்சி நினைவுகளை இட்டுக்கட்டுவது. கதை அவ்வளவுதான். அக்காவைப் பற்றி எனக்கு ஒரு நினைவும் கிடையாது, ஒரு வயதில் என்ன நினைவு இருக்கும்? போட்டோ இல்லை. புதைத்த இடத்துக்கு மேலே தோட்டக்காரர்கள் புதுக்கன்று நட்டு, அதுவும் கொழுந்தெடுக்கிற பருவத்துக்கு வந்துவிட்டது. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே பொருள் அந்தப் பெயர். அதை நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். நாவலில் அக்காவுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். வேறு பெயர் வைத்தால் இருக்கிற ஒன்றையும் பிடுங்கின மாதிரி. அவளுடைய சொந்தப் பெயரை வைக்கவும் வழியில்லை, அது எழுதினவள் பெயராய் அட்டைக்குப் போய்விட்டது.

ஏதாவது புனைபெயர் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். பதுளைக் கடைவீதியில் அச்சகம் வைத்திருந்தவரும் அதைத்தான் கேட்டார். நான்தான் பத்திரத்தில் உள்ள பெயரைப் போடச் சொன்னேன், கொட்டை எழுத்தில். வீம்புதான், வேறொன்றுமில்லை. புத்தகத்தை அம்மாவின் கையில் கொடுத்து, அவளை அந்தப் பெயரைச் சொல்லவைக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சொல்லவைக்க வேண்டும். முந்நூறு பிரதி அச்சடித்ததன் உள்நோக்கம் அதுதான்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மேலே இருந்த எழுத்தில் விரலை வைத்து, "இது என்னா?" என்றாள்.

"கதையோட பேரும்மா."

விரல் கீழே இறங்கியது. "இது?"

"எழுதுனவங்க பேரு."

"படி."

படித்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்டது, இந்தத் தடவை என் வாயிலிருந்து. அவள் விரல் அந்த எழுத்துகள்மேல் அப்படியே இருந்தது. பிறகு சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்தாள், எழுந்து போனாள், தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அந்தத் தீபாவளிக்குச் சொளகில் தாவணிக்குப் பக்கத்தில் என் புத்தகம் இருந்தது.

"அது நான் எழுதினதும்மா" என்றேன். 

"தெரியும்" என்றாள் அம்மா. "அவ பேருல வந்தது அவளுக்குத்தான."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இருபத்தொரு வயதுக்காரி, உத்தியோகம் பார்க்கிறவள், செத்துப்போன மூன்று வயதுக் குழந்தைமேல் பொறாமைப்பட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு நாவல் எழுதினேன். அதிலும் ஒரு சாவு. அதுவும் சொளகுக்குப் போயிற்று. மூன்றாவதற்குள் அம்மா விழுந்துவிட்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார் டொக்டர். பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை இருந்தாள். நான் பாடசாலை விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். நாலு மணியிலிருந்து பார்க்க விடுவார்கள். கால் வீங்கி, முகம் உப்பி, சில நாள் நல்ல புத்தியோடு பேசுவாள், சில நாள் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும் என்று எழப் பார்ப்பாள்.

கடைசிக்கு முந்திய நாள் நான் போனபோது அவள் வார்ட்டின் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில், வாசலைப் பார்த்தபடியே, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதே குழைவு, அதே கெஞ்சல்.  கையை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிடும்போது வேறு யாரும் மூச்சுக் காட்டக் கூடாது.

இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் மருமகளைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பாஸ் துண்டில் என் பெயரைப் பார்த்திருந்தவர். "ஒங்களத்தாங்க கூப்புடுறாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன், பாவம்" என்றார். அவருக்கு என்னவென்று விளக்குவேன்? கூப்பிடுவது என்னை இல்லை. பதில் சொன்னால் அந்த முகம் மறுபடி மலர்ந்து, மறுபடி என்னைப் பார்த்து அவியும். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"வந்திருக்கேன்ம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த முகம் வந்தது. உப்பிப்போன கன்னத்துக்கும் மஞ்சளித்த கண்ணுக்கும் நடுவில் அதே சந்தோஷம். நான் காத்திருந்தேன். அவியவில்லை.

"எங்கடி போன இம்புட்டு நாளா?"

"இங்கதாம்மா இருந்தேன்."

"சட்டையெல்லாம் வந்திச்சா?"

"வந்திச்சும்மா. எல்லாம் அளவா இருந்திச்சு."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தங்கச்சி எங்க? அவளத் தனியா விட்டுட்டா வந்த?"

 "வீட்டுல இருக்காம்மா. நல்லா இருக்கா."

"எங்க நல்லா இருக்கா" என்றாள் அம்மா. "அவ மொகத்த நிமுந்து பாக்க எனக்கு முடியலடி. ஒம் பேர எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டுட்டோம். அவளுக்குன்னு ஒன்னும் குடுக்கல. ஒரு பேருகூட வைக்கல பாவி நானு. அந்தப் புள்ள ஸ்கூலு கேட்டுல நான் என்னான்னு சொல்லிக் கூப்புடுவேன்?"

 பக்கத்துக் கட்டில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீதான மூத்தவ. நீ வையி. அவளுக்கு ஒரு நல்ல பேரா வையி."

"வைக்கிறேம்மா."

"என்னா பேரு? சொல்லு, நான் கூப்புட்டுப் பாக்குறேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாவலில் நாற்பது ஐம்பது பேருக்குப் பெயர் வைத்தவள் நான். நாய்க்கு வைத்தேன், பசு மாட்டுக்கு வைத்தேன், ஒரே பக்கத்தில் வந்துபோகிற ரொட்டிக் கடைக்காரனுக்கு வைத்தேன். அம்மா அந்த மலர்ந்த முகத்தோடு என்னையே பார்த்துக் காத்திருந்தாள். எனக்கென்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

பார்க்க வந்தவர்கள் போக வேண்டும் என்று மணி அடித்தார்கள். நர்ஸ் மிஸ் வந்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்.

"நாளைக்கு வந்து சொல்றேம்மா" என்றேன்.

"மறந்துறாத."

"மறக்க மாட்டேன்."

பசறை பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பதுளை தாண்டி முதல் ஏற்றத்திலேயே ஒரு பெயர் வந்தது. சின்னப் பெயர், சுலபமானது, வாசலில் நின்று யாரும் கூச்சமில்லாமல் சொல்லலாம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாக, அம்மாவின் குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

மறுநாள் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, பார்க்க விடுகிற நேரம்வரை பொறுக்காமல் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவின் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயர் என்னிடம் இருக்கிறது. இதுவரை அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.